போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒரு மாலை, நம் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து அப்பாவின் போனில் கணக்கு வினாடி வினா போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். கேள்வியை அவள் படிக்கவே இல்லை. முதல் விடையைத் தொட்டாள், சிவப்பு. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவது, பச்சை. உடனே கைதட்டல் சத்தம், ஒரு நட்சத்திரம். "எட்டு ஸ்டார் டீச்சர்!" என்று காட்டினாள். பாடம் பின்னங்கள். "சரி, 1/2 பெரியதா, 1/3 பெரியதா?" என்று கேட்டேன். "1/3 தான் டீச்சர், மூணு பெருசுல்ல" என்றாள்.

அவள் அம்மாவிடம் ஒரே அளவில் இரண்டு கடலை மிட்டாய் வாங்கினேன். ஒன்றை இரண்டாகவும் இன்னொன்றை மூன்றாகவும் சமமாக உடைத்துத் தட்டில் வைத்தேன். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி முந்திக்கொண்டு பாதித் துண்டை எடுத்துவிட்டான். "அவன் பெருசை எடுத்துட்டான்!" என்று கத்தியவள், அடுத்த நொடி என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

அந்தச் செயலியை நான் குறை சொல்லவில்லை. பாடம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை தெரிந்து தொடுகிறாளா, குருட்டாம்போக்கில் தொடுகிறாளா என்பது அதற்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: படிக்கப் போனைக் கொடுத்தால், ஒரு இருபது நிமிடம் நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

"எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது டீச்சர், நான் உட்கார்ந்து என்ன செய்ய?" என்று அன்றைக்கு அந்த அம்மா கேட்டார். உங்களில் பலர் மனதிலும் இந்தக் கேள்வி இருக்கும். நீங்கள் சொல்லித்தர வேண்டாம். "இப்ப என்ன பார்த்த? எனக்குச் சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். கீரை ஆய்ந்துகொண்டே கேட்கலாம், பீடி சுற்றிக்கொண்டே கேட்கலாம். தெரியாத ஒருவருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் தனக்கு எங்கே புரியவில்லை என்று பிள்ளைக்கே தெரிகிறது. இருபத்தாறு வருடமாக வகுப்பில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளை திக்கினால் விட்டுவிடுங்கள், மறுநாள் வகுப்பாசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

எதைக் கொடுக்கலாம் என்று கேட்கிறீர்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு கூகுளின் 'ரீட் அலாங்' செயலி போதும். பிள்ளை கதையைச் சத்தமாகப் படிக்க வேண்டும், போன் கேட்கும். தெரியாத சொல்லைத் தொட்டால் அதுவே படித்துக் காட்டும். தமிழிலும் கதைகள் உண்டு. ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலும் வேலை செய்யும். இரவு எட்டு மணிக்கு அப்பா வீட்டுக்கு வரும்போது டேட்டா தீர்ந்துபோயிருக்கும் வீடுகளுக்கு இது பெரிய உதவி.

பெரிய பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்திலேயே வழி இருக்கிறது. 2018-இல் வரத் தொடங்கிய புதிய புத்தகங்களில் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் கோடு இருக்கும். 'தீக்‌ஷா' செயலியில் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொலி வரும். 2023-இல் நம் பள்ளிக்கல்வித் துறை வெளியிட்ட 'மணற்கேணி'யிலும் பாடக் காணொலிகள் உண்டு. எல்லாமே இலவசம்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஜியோஜீப்ரா' என்ற கணக்குச் செயலி. கணக்குப் புத்தகத்தில் இதை வைத்துச் செய்யச் சொல்லி 'இணையச் செயல்பாடு' என்று வரும் பக்கங்களை நம் பிள்ளைகள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தச் செயலியில் ஒரு முக்கோணம் வரைந்து, ஒரு முனையை விரலால் இழுத்துப் பாருங்கள். மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டினால் மட்டும் 180 தான் வரும். எப்படி இழுத்தாலும் 180. கரும்பலகையில் நான் நாலு முக்கோணம் வரைந்து காட்டுவதற்குள் பிள்ளை நாற்பது பார்த்துவிடுகிறான். "ஏன் டீச்சர் மாறவே மாட்டேங்குது?" என்று அவனே வந்து கேட்கிறான். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும்.

வீட்டில் அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய விலையில்லா மடிக்கணினி பீரோவில் கிடந்தால் எடுத்து வாருங்கள். ஓடுகிற நிலையில் இருந்தால், சிறு பிள்ளைகளுக்கான 'ஜீகாம்ப்ரி' என்ற இலவச விளையாட்டுத் தொகுப்பைப் போட்டுத் தருகிறோம். எண்ணுவது, மணி பார்ப்பது, சுட்டியைப் பிடித்துப் பழகுவது எல்லாம் அதில் இருக்கிறது. விளம்பரம் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்து, நம் பெற்றோர் ஒருவரிடம் டேப்லெட்டையும் பாடத்தையும் மாதத் தவணையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் பிள்ளை அதைத் தொடுவதையே விட்டுவிட்டான். வங்கிக் கணக்கிலிருந்து பணம் மட்டும் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த அப்பா என் அறையில் உட்கார்ந்து பேசியதை என்னால் மறக்க முடியவில்லை. இப்படிப்பட்ட நிறுவனங்களிடம் கவனமாக இருக்கும்படியும், தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுக்க வேண்டாம் என்றும் மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் அறிவுறுத்தியிருக்கிறது. யார் வந்து எதில் கையெழுத்து கேட்டாலும், முதலில் பள்ளிக்கு வந்து எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தச் செயலியிலும் ஓடிபி எண்ணைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அவர்களுக்காகத் தினமும் மாலை 4.10 முதல் 5 மணி வரை நம் பள்ளிக் கணினி அறை திறந்திருக்கும். ஒரு ஆசிரியர் கூடவே இருப்பார்.

வருகிற வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்ததும் இவற்றை உங்கள் போனில் ஏற்றித் தருகிறோம். படிக்கும்போது வேறு எதற்கும் தாவ முடியாதபடி ஒரே செயலியைத் திரையில் நிறுத்தி வைக்கவும் சொல்லித் தருகிறோம். போனை முழுதாகச் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். தாத்தா பாட்டி வந்தாலும் சரிதான், மாலையில் பிள்ளையோடு இருப்பது அவர்கள்தானே.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி