மொரிஸ் மைனருக்குக் கியர் பொக்ஸ் மாற்றுபவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் பழைய மொரிஸ் மைனர்களுக்கு டொயோட்டா 4கே எஞ்சின் போடுகிறவர்கள் பலர், நானும் போட்டேன். 948 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு 1290 சிசி வைத்தால் ரம்பொடை ஏற்றத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் எஞ்சினைப் பற்றிப் பேசுகிற அளவுக்குக் கியர் பொக்ஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த எஞ்சினோடு வந்த கியர் பொக்ஸையே சேர்த்து வாங்குங்கள், கிளட்ச், அதை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் எல்லாம் பொருந்தி வரும். அதில் ஐந்தாவது கியர் இருந்தாலும் அது கொழும்புக்குப் போகும்போதுதான் உதவும், இங்கே நமக்கு இரண்டாவதும் மூன்றாவதும்தான் சோறு போடுகின்றன, இறக்கத்தில் பிரேக்கைக் காப்பாற்றுவதும் அவைதான். அதனால் ஏற்றத்துக்கு இழுவை தருகிற பின் அச்சு டிஃபை (டிஃபரென்ஷியல், விகிதம் 4.55) அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

பொருத்தும் வேலைதான் கஷ்டம். பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை மாற்ற வேண்டும், கியர் லீவர் எங்கே வருகிறது என்று வெட்டுவதற்கு முன்பே அளக்க வேண்டும். என் காரில் ஒரு கராஜில், கியர் பொக்ஸிலிருந்து டிஃபுக்குப் போகும் புரொப்பலர் ஷாஃப்டை வெட்டி, பேலன்ஸ் பார்க்காமலே ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். மணிக்கு நாற்பது மைல் வேகத்தைத் தாண்டினாலே கார் முழுக்க அதிர்ந்தது, அப்புறம் லேத்தில் கொடுத்துத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. எஞ்சினும் டிஃபும் நிற்கிற கோணம் ஒத்துப்போகாவிட்டாலும் இதே அதிர்வு வரும், ஷாஃப்டின் மூட்டான யுனிவர்சல் ஜொயின்ட் சீக்கிரமே தேயும்.

உங்கள் வாகனப் பக்கத்தில் இதைப் படங்களோடு விளக்கி எழுதுங்கள். இங்கே இளம் பாஸ்மார் நிறையப் பேர் படிப்பார்கள்.

வாசகர் ஒருவர்,
ஹட்டன்