பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில்

அன்புள்ள மலருக்கு,

நீ அனுப்பிய டேக்வாண்டோ வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். "சண்டைப் பயிற்சியில் யாருக்கும் நான் சளைத்தவள் இல்லை, இந்த நான்காவது பூம்சேதான் உயிரை எடுக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். எதிராளியோடு மோதும் சண்டையையும், தனியாக நின்று வரிசையாக அசைவுகளைச் செய்யும் பூம்சேயையும் நீ தனித்தனியாகப் பார்க்கிறாய், சிக்கலே அங்கேதான். சண்டையில் வேகத்தைப் போட்டு நீ மூடிவிடும் குறைகளைத்தான் தேகுக் சா ஜாங் என்ற அந்த நான்காவது பூம்சே வெளியே இழுத்துப் போடுகிறது. அதன் மேல் கோபப்பட்டு என்ன செய்ய?

வெள்ளை பெல்ட்டிலும் மஞ்சளிலும் கையும் காலும் போக வேண்டிய இடத்துக்குப் போனால் போதும், மாஸ்டர் தலையாட்டிவிடுவார். பச்சைக்கு வந்த பிறகு அவர் பார்ப்பது வேறு. உடம்பின் எடை எந்தக் காலில் இருக்கிறது, அது எப்போது மறு காலுக்குப் போகிறது என்று பார்க்கிறார். இது கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அதனால்தான் "எல்லாம் சரியாகத்தானே செய்கிறேன், ஏன் திருத்திக்கொண்டே இருக்கிறார்" என்ற எரிச்சல் இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் வருகிறது.

முதல் அசைவையே எடுத்துக்கொள். இடப்பக்கம் திரும்பி த்விட்குபி என்ற பின்னங்கால் நிலையில் நின்று, இரு கைகளையும் விரித்துத் தடுக்கிறாய். கைகள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த நிலையில் எடையில் ஏறக்குறைய 70 விழுக்காடு பின்காலில் இருக்க வேண்டும், பாதங்கள் இரண்டும் செங்கோணத்தில் நிற்க வேண்டும். உன் இடுப்போ இரண்டு கால்களுக்கும் நடுவில் நிற்கிறது, பின்முழங்கால் உள்ளே சாய்கிறது. அப்படியே நின்று, உடம்பை அதிகம் அசைக்காமல் முன்காலை மட்டும் தூக்கிப் பார். தூக்க முடியவில்லை என்றால் அது த்விட்குபி இல்லை. கொஞ்சம் தள்ளி, இதே நிலையிலிருந்து பின்காலால் முன்னே உதைத்து, உதைத்த காலை மறுபடி பின்னுக்கே கொண்டுவந்து வைக்கும் இடம் வருகிறதல்லவா? அங்கே நீ தள்ளாடுவதற்கும் இதுதான் காரணம். உதைக்குப் பின்னால் ஓடுகிற உடம்பைப் பிடித்து நிறுத்த உன்னிடம் ஆதாரம் இல்லை.

அடுத்தது யோப் சாகி. அடுத்தடுத்து இரண்டு பக்க உதைகள், இடக்காலால் ஒன்று, வலக்காலால் ஒன்று. நீ முதலாவதை நன்றாக உதைக்கிறாய், இரண்டாவது சோர்ந்து போகிறது. வலக்காலில் பலம் போதவில்லை என்று நினைத்துக் குந்தி எழும் பயிற்சி செய்கிறாயாம். காலில் பலம் இருக்கிறது, மகளே. முதல் உதை முடிந்ததும் முழங்காலை மடக்கித் திரும்ப எடுக்காமல், நீட்டிய காலை அப்படியே தரையில் போட்டுவிடுகிறாய். பாதம் முன்னே பார்த்தபடி விழுகிறது. இனி அந்தக் கால்தான் தாங்குகால். அதன் குதிகால் இலக்கின் பக்கம் திரும்பினால்தான் இடுப்பு திறந்து உதைக்கு வழிவிடும். அது திரும்பாதபோது அந்த முறுக்கை எல்லாம் முழங்கால் வாங்கிக்கொள்கிறது. இடது முழங்கால் உள்பக்கமாக வலிக்கிறது என்று நீ போன மாதம் சொன்னதும் இதனால்தான் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு செய். முழங்காலை மார்பை நோக்கித் தூக்கி நிறுத்து. தாங்குபாதத்தைத் திருப்பு. பாதத்தின் வெளிவிளிம்பும் குதிகாலும் முன்செல்ல, காலை மெதுவாக நீட்டு. அங்கேயே வைத்திரு. வந்த வழியே மடக்கு, பிறகு இறக்கு. உயரம் வேண்டாம், இடுப்பளவு போதும். வேகமாகச் செய்யத் தோன்றும், செய்யாதே. தலைக்கு மேல் உதைத்துப் படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அவர்களில் பலருக்கு இந்த மெதுவான உதை வராது.

எட்டு தேகுக் பூம்சேகளும் மூன்று கோடுகளால் ஆன எட்டுக் குறிகளை வைத்து அமைந்தவை, அவற்றில் சா ஜாங்குக்கு உரியது இடி. தென்கொரியக் கொடியில் வானம், பூமி, நீர், நெருப்பு ஆகிய நான்கு குறிகள்தான் உண்டு, இடிக்கு இடமில்லை. ஆனாலும் பாதிப் பேரைத் தடுத்து நிறுத்தி வைப்பது இந்த இடிதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன். கறுப்பு பெல்ட் கட்டிய பிறகும் நான் வாரம் தவறாமல் செய்கிற பூம்சே இது. அடுத்து வரும் ஐந்தாவது பூம்சே, ஓ ஜாங், காற்றுக்கு உரியது. அதைப் பற்றி இப்போது பேச்சு வேண்டாம்.

சண்டைப் பயிற்சிக்கு வருகிறேன். சுழன்று பின்பக்கமாக உதைக்கும் பின்னுதையில் உனக்கு மோகம் வந்திருப்பது தெரிகிறது. வராமல் என்ன செய்யும்? போட்டியில் நேரே நின்று உடற்கவசத்தில் உதைத்தால் 2 புள்ளி, சுழன்று உதைத்தால் 4. ஆனால் உன் பின்னுதை பாதி நேரம் இலக்குக்கு வெளியே வளைந்து போகிறது. தலையையும் தோளையும் முழுவதுமாகத் திருப்பிவிட்டு அதன் பிறகு காலை எடுப்பதால் வருவது அது. தோள் வழியாக எதிராளியைப் பார்த்ததும் மேலுடம்பின் சுழற்சி நிற்க வேண்டும். உதைக்கும் முழங்கால் தாங்குகாலின் முழங்காலை உரசிக்கொண்டு நேர்க்கோட்டில் பின்னே போக வேண்டும். இங்கேயும் தாங்குகாலின் குதிகால் எதிராளியைப் பார்த்து நிற்கிறது என்பதைக் கவனித்தாயா? பூம்சேயில் நீ சலித்துக்கொள்ளும் அதே திருப்பம்தான்.

இன்னொன்று. அந்த உதை கட்டுக்குள் வரும்வரை புதிதாகச் சேர்ந்த வெள்ளை பெல்ட்காரர்களிடம் அதைப் போடாதே. அவர்களுக்கு விலகத் தெரியாது, உனக்கோ இன்னும் நிறுத்தத் தெரியாது. உன்னைவிட மூத்த சிவப்பு பெல்ட் ஒருவரிடம் கேட்டு, உதை வாங்கும் அடிப்பலகையைப் பிடிக்கச் சொல்லிப் பழகு.

பெல்ட் தேர்வை அடுத்த முறைக்குத் தள்ளிவைக்கலாம் என்று மாஸ்டர் சொன்னதில் உனக்கு வருத்தம். எனக்கு அவர் மேல் மரியாதைதான் கூடியது, பெல்ட்டைக் கொடுத்து ஆளை மகிழ்விப்பது அவருக்கும் சுலபம்தானே. முதலில் முழங்காலை மருத்துவரிடம் காட்டு. அவர் சரி என்று சொன்ன பிறகு சுவர்ப் பயிற்சியைத் தொடங்கினால் போதும்.

அன்புடன்,
அம்மா