தண்ணீர் எங்கே வந்திருக்கிறது?

மன்னார்குடி,
7.9.2025

அன்புள்ள ராமு,

பங்குனியில் நீ எழுதிய கடிதத்துக்கு ஆவணி முடியப் போகும் நேரத்தில் பதில் எழுதுகிறேன். தப்பு என்னுடையதுதான். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் கூடியிருக்கிறது. உன் பெண்ணுக்கு வேலை கிடைத்ததைக் குட்டை வாத்தியார் சொல்லித் தெரிந்துகொண்டேன். பெற்றவன் நீ சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது. நேரில் வரும்போது அதற்குத் தனியாக உன்னுடன் சண்டை இருக்கிறது. இப்போது வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

போன மாதம் நம் உள்ளூர் கேபிள் சேனல் இரண்டரை நாள் ஓடவில்லை. வடிகால் தோண்ட வந்த பொக்லைன், நம் அறையிலிருந்து கேபிள் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் ஃபைபரை அறுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை அறுந்தது. அதை ஒட்டுகிற கருவி வைத்திருப்பவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்; திங்கட்கிழமை காலையில்தான் வந்தார். ஊரில் மற்ற சேனல்களெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. நம் எண்ணில் மட்டும் கறுப்புத் திரை. நான் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு அழைப்புகூட வரவில்லை, ராமு.

நாம் தொடங்கிய காலத்தில் ஐந்து நிமிடம் படம் நின்றால் போதும். பந்தலடி ஜவுளிக்கடையில் இருந்து முதல் அழைப்பு, அடுத்தது மாமி, அப்புறம் வரிசையாக. பதில் சொல்லி மாளாமல் நீ ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவாய். திட்டு வாங்குவது நான். அந்தத் திட்டு இப்போது வராதா என்று மூன்று இரவு காத்திருந்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒருவர் வந்தார். அவருடைய அப்பாவுக்கு மூன்று நாள் கண்ணீர் அஞ்சலி ஓட்டப் பணம் கட்டியிருந்தவர். சண்டைக்குத்தான் வருகிறார் என்று பணத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அவருக்கோ சேனல் ஓடாததே தெரியாது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப அந்த முப்பது விநாடி வீடியோ வேண்டும், அவ்வளவுதான் அவர் வந்த காரியம். நடந்ததைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வீடியோவையும் கொடுத்தேன். அவர் போன பிறகு அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். அந்தப் பெரியவரை உனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, இன்றைக்குத் தேவாரம் உண்டா?" என்று கேட்பாரே, அவர்தான். நம்மைப் பார்த்தவர்கள் இப்படி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. எங்கே விட்டோம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆண்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பித் திருப்பி ரூபவாஹினி பிடித்தோமே, மழைத் தூறலில்கூட மாடி ஏறி நின்றோமே. படம் பார்க்க அத்தனை பாடுபட்டவர்கள் நம் ஊர்க்காரர்கள். பிறகு கேபிள் வந்தது. பழைய முறையில் ஒரு கேபிளில் நூறு சேனலுக்குள்தான் இடம். ரிமோட்டில் ஒவ்வொன்றாக மேலே போகிறவர் நம்மைக் கடந்துதான் போக வேண்டும். போகிற போக்கில் பக்கத்துத் தெருக் கல்யாணம், தெரிந்த முகம், அறிந்த கடை என்று ஏதாவது கண்ணில் படும், நின்றுவிடுவார். 2017-க்குப் பிறகு வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்ததும் அந்த வழி அடைபட்டது. பல நூறு சேனல்கள், எல்லாவற்றுக்கும் மூன்று இலக்க எண். நாம் வரிசையின் கடைசியில் கிடக்கிறோம். எண்ணை மனப்பாடம் செய்து அழுத்துகிறவர்தான் நம்மிடம் வர முடியும்.

2019 பிப்ரவரியில் கட்டண முறை மாறியது. நூறு சேனலுக்கு 130 ரூபாயும் வரியும், கட்டணச் சேனல் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக. கணக்குப் பார்த்துப் பல வீடுகள் டிஷ்ஷுக்குப் போயின, சிலர் இணைய இணைப்போடு நிறுத்திக்கொண்டார்கள். நாமோ கேபிளில் மட்டும் வருகிறவர்கள். டிஷ் வைத்த வீட்டுக்குள் நாம் நுழையவே முடியாது. இது விளம்பரம் கொடுப்பவர்களுக்கும் தெரிந்துவிட்டது. பெரிய சேனல்களுக்கு வாரா வாரம் இத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கு வருகிறது. நமக்கு அப்படி ஒரு தாளும் கிடையாது. இருபது வருடமாகத் தீபாவளிக்கு விளம்பரம் கொடுத்த நகைக்கடை முதலாளி இந்த முறை, "எத்தனை பேர் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அக்கா மகன்தான் இப்போது கேமரா பார்க்கிறான். "மாமா, எல்லாவற்றையும் இணையத்தில் போடுவோம்" என்று ஒரே பிடிவாதம். அவன் சொன்னபடி இந்த வருடம் நம் கோயில் வெண்ணெய்த்தாழித் திருவிழாவை நேரலையாகப் போட்டோம். ராஜகோபாலன் தவழும் கோலத்தில் வெள்ளிப் பல்லக்கில் வருகிறான், கூட்டம் வெண்ணெய் வீசுகிறது, துபாயில் இருந்தும் மலேசியாவில் இருந்தும் செய்தி மேல் செய்தி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் பார்த்தால், பின்னணியில் ஏதோ ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடியிருக்கிறது, பாட்டின் உரிமை நம்மிடம் இல்லையென்று அந்தப் பகுதி முழுக்க ஒலியை இணையதளக்காரர்கள் அணைத்துவிட்டார்கள். நாதஸ்வரமும் சேர்ந்து போயிற்று. (நல்ல வேளை, லென்ஸில் வெண்ணெய் படவில்லை. உன் அளவுக்குத் திறமை இவனுக்கு இன்னும் வரவில்லை.)

பையன் சொல்வதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நோய் அது இல்லை என்று எனக்குப் படுகிறது. இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்கள். சென்ற ஆண்டு ஜூலை 28 வரை திறக்காமல், ஆற்றை நம்பியவர்களுக்குக் குறுவைச் சாகுபடி போயிற்று. அதனால் இந்த முறை எல்லோருக்கும் ஒரே எதிர்பார்ப்பு. அணையில் 120 அடிக்கு எத்தனை அடி, எத்தனை கன அடி திறப்பு என்று எல்லா சேனலும் சொல்கிறது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறதே, அதில் பாமணிக்கு எவ்வளவு விட்டார்கள், தண்ணீர் விடும் முறை எந்த ஆற்றுக்கு எப்போது மாறுகிறது, ஆற்றின் கடைசியில் இருக்கும் கடைமடைக்கு எந்த நாள் வந்து சேரும்? இதைச் சொல்ல ஆளில்லை.

ஒரு வேகத்தில் பையனை வண்டியில் அனுப்பினேன். தலைப்பில் ஷட்டர் தூக்குவதைக் கைப்பேசியில் எடுத்தான். அங்கிருந்து ஆற்றோடு ஆறாக வந்தான். முதலில் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு செம்மண் நிறத்தில் ஒரு நாக்கு மாதிரித் தண்ணீர் மணலில் நீள்கிறது, அதன் முன்னால் இரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டே பின்வாங்குகின்றன. அதை அப்படியே மாலை ஏழு மணிக்கு ஓட்டி, எந்த மதகு வரை வந்திருக்கிறது என்று நானே வாசித்தேன். மறுநாள் ஆறரைக்கே தொலைபேசி அடித்தது! "இன்றைக்கு எங்கே வந்திருக்கிறது, சொல்வீர்களா?" மூன்று வாரம் தினமும் ஓட்டினோம். முத்துப்பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் அறைக்கே வந்தார். தண்ணீர் மதகைத் தொட்டுவிட்டதா என்று பார்க்கத் தினமும் சைக்கிளில் ஒன்பது கிலோமீட்டர் போய் வருகிறவராம். "நேற்றுப் போகவில்லை, உங்கள் டிவியைப் பார்த்துவிட்டு நாற்றங்காலுக்குப் போய்விட்டேன்" என்றார். போகும்போது வாசலில் திரும்பி நின்று, "முன்பு செய்தி வாசிப்பாரே, கனத்த குரல்காரர், அவர் எங்கே?" என்று கேட்டார்.

பிறகு ஏன் நிறுத்தினேன் என்று நீ கேட்பாய். பெட்ரோலுக்குப் பணமில்லை, பையனுக்கு ஆனி முகூர்த்தங்கள் வந்துவிட்டன. பழையபடி பாட்டு, ராசிபலன், விளம்பரம் என்று போட்டு ஒப்பேற்றினேன். பெரிய சேனலில் நன்றாக வருவதை நம்மிடம் மங்கலாக யார் பார்ப்பார்கள்? அந்த மூன்று வாரத்தில் பொக்லைன் கேபிளை அறுத்திருந்தால் தொலைபேசி ஓய்ந்திருக்காது. இது எனக்கு அந்தத் திங்கட்கிழமைதான் உறைத்தது.

கஜா புயல் நினைவிருக்கிறதா? 2018 நவம்பர் 16 விடியற்காலை. கம்பமும் கேபிளும் தென்னையோடு சேர்ந்து தரையில் கிடந்தன. மின்சாரம் வர வாரக் கணக்கில் ஆயிற்று. ஊருக்குச் சேதி வேண்டியிருந்த நாட்களில் நம்மால் வாய் திறக்க முடியவில்லை. மின்சாரம் வந்த பிறகு, விழுந்த தென்னைக்கு எந்த ஊரில் என்றைக்குக் கணக்கெடுக்க வருகிறார்கள் என்று எழுத்தாக ஓட்டினோம். டீக்கடை வாசலில் ஆட்கள் நின்று கையில் எழுதிக்கொண்டு போனார்கள். கைலியில் மண்ணோடு நின்றவர்களின் முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. அவர்களை விட்டுவிட்டு நான் ராசிபலன் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். புரட்டாசி முதல் தேதியிலிருந்து தினமும் ஏழு மணிக்கு அரை மணி நேரம், தண்ணீரும் நெல்லும் மட்டும். எந்த ஆற்றில் எவ்வளவு, எந்தக் கொள்முதல் நிலையம் திறந்திருக்கிறது, 17 சதவீத ஈரப்பதத்துக்குள் நெல்லைக் காயவைக்க வெயில் இருக்குமா, ஐப்பசி மழையில் எந்தக் கரை பலவீனம். கேபிளிலும் ஓடும், பையன் விருப்பப்படி இணையத்திலும் ஓடும். பெட்ரோல் செலவை உரக்கடைக்காரர் ஏற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்; மூன்று மாதத்துக்கு மட்டும்.

வாசிக்க நீ வேண்டும். திருப்பூரை விட்டு வரச் சொல்லவில்லை, உன் வேலை எனக்குத் தெரியும். மாலை ஐந்தரைக்குள் நான் குறிப்பு அனுப்பிவிடுவேன். நீ கைப்பேசியில் வாசித்து ஆறரைக்குள் அனுப்பினால் போதும், படத்தோடு நான் சேர்த்துக்கொள்கிறேன். பனியன் கம்பெனி இரைச்சல் கேட்காத ஓர் இடம் பார்த்துக்கொள். கோரையாற்றை மறுபடி குரையாறு என்று வாசித்துவிடாதே. அந்த நாய்கள் வேறு படத்தில் இருக்கின்றன.

பதிலைக் கடிதமாகப் போட்டால் தாமதமாகும். இதைப் படித்ததும் கூப்பிடு. அறையில்தான் இருப்பேன்.

உன்,
மணி