வண்டியைச் சூடாக்கி வைக்காதீர்கள்: பழைய பிக்கப் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆட்டோ கன்சல்டிங் நடத்தும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

உங்கள் யார்டில் நிற்கும் ஏஸ், தோஸ்த், பொலிரோ பிக்கப் வண்டிகளைப் பார்க்க வருகிறவர்கள் யாரென்று உங்களுக்கே தெரியும். காய்கறி ஏற்றுபவர், தண்ணீர் கேன் போடுபவர், நேற்றுவரை அடுத்தவர் வண்டிக்கு டிரைவராக இருந்தவர். வீட்டு நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, மீதிக்கு ஃபைனான்ஸ் போடுகிறார்கள். முதல் தவணை கட்டுவதற்குள் அந்த வண்டி எங்களைப் போன்ற டீசல் மெக்கானிக்குகளின் பட்டறைக்கு வந்து நின்றால் வயிறு எரிகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். வாங்கும் பார்ட்டி வருகிற நாளில் வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள். இரவு முழுக்க நின்ற வண்டியை அவரே சாவி போட்டு எடுக்கட்டும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது வருகிற சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவரான போரும் தேய்ந்திருந்தால் கம்ப்ரஷன், அதாவது அந்த அழுத்தம், குறையும். குளிர்ந்த இன்ஜினில் அந்தச் சூடு போதாமல் செல்ஃப் நீளமாகச் சுற்றும், பற்றாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியே வரும். வால்வு சீல் போயிருந்தால் இரவில் சிலிண்டருக்குள் சொட்டிய ஆயில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகையாகத் தள்ளும். இன்ஜின் சூடேறிவிட்டால் இதில் பாதி மறைந்துபோகும். காமன் ரெயில் வண்டியில், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலிருந்து திரும்பிப் போகும் டீசல் (ரிட்டர்ன்) அதிகமாக இருந்தால் மட்டும் சில சமயம் சூட்டில்தான் தெரியும். அதனால் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, அணைத்து, மறுபடி எடுத்துப் பார்க்கவும் அவரை விடுங்கள்.

அப்புறம் இன்ஜின் ஆயில் ஊற்றும் வாயின் மூடி. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அதைத் திறந்து, அந்த வாயிலேயே தலைகீழாக வைத்துப் பாருங்கள். நல்ல இன்ஜினில் லேசாக நடுங்கும். தேய்ந்த ரிங் வழியாக அழுத்தம் கீழே கசியும் பேக் கம்ப்ரஷன் இருந்தால் மூடி எகிறி விழும், புகை குபுகுபுவென்று வரும். ஆயிலைக் கெட்டியாக்கும் மருந்தை ஊற்றினால் சத்தமும் புகையும் கொஞ்ச நாள் அடங்கும், தேய்ந்த போர் சரியாகாது. ‘இன்ஜின் வேலை செய்த வண்டி’ என்று சொல்கிறீர்களே, ரிங் மட்டும் மாற்றினார்களா, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டார்களா, கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைந்திருந்தால் இப்போது எந்த சைஸில் இருக்கிறது? லேத் பில் இருந்தால் காட்டுங்கள்.

சேஸிஸுக்குப் புதுக் கறுப்பு பெயின்ட் அடிப்பதையும் விட்டுவிடுங்கள். ஓவர்லோடு அடித்த வண்டியில் பின்பக்க ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தில்தான் விரிசல் விடும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் ஒரு குடும்பத்தின் உயிரோடு விளையாடுவதாகத்தான் அர்த்தம். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், கிங்பின் எல்லாம் தேயும் சாமான்கள், அதற்கு யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பிஎஸ்6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான டீசல் வண்டிகளில் இன்னொரு வேலை நடக்கிறது. சைலன்சர் பக்கம் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி அடைத்துக்கொண்டால், உள்ளே இருப்பதை உடைத்தெடுத்துவிட்டு எச்சரிக்கை விளக்கையும் அணைத்துவிடுகிறார்கள். சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் விளக்கு ஒருமுறை எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் அதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

‘எஃப்சி (தகுதிச் சான்று) இருக்கிறதே’ என்பீர்கள். எஃப்சியில் பிரேக், விளக்கு, புகை பார்ப்பார்கள், யாரும் போரை அளப்பதில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது, நல்லதுதான். ஆனால் அது ஆர்சி, உரிமை மாற்றம் பற்றியது. இன்ஜினின் நிலையை நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

உள்ளதைச் சொல்லி விற்கிற கன்சல்டிங்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்கியவர் அடுத்த வண்டிக்கும் அங்கேயே போகிறார். ‘இன்ஜின் வேலை இருக்கிறது’ என்று சொல்லி, அந்தச் செலவை விலையில் கழித்துக் கொடுத்தால் வாங்குகிறவர் முதலிலேயே வேலையை முடித்துவிட்டு லோடு ஏற்றுவார், தவணையும் தவறாது. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ‘காலையில் வந்து நீங்களே ஸ்டார்ட் செய்து பார்க்கலாம்’ என்று யார்டு வாசலில் ஒரு போர்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டீசல் மெக்கானிக்