பிள்ளைமடுவத்து ஆயாம்மாவுக்கு

அன்புள்ள ஆயாம்மாவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை உங்கள் பேத்தி தன் கைப்பேசியில் படித்துக் காட்டுவாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நேரில் சொல்லக்கூடியதை ஊரறிய எழுதக் காரணம் இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய நம்மைப் பற்றி எழுத வருகிறவர்கள் ஒப்பந்தத்தை எழுதுகிறார்கள், கப்பலை எழுதுகிறார்கள், கொழுந்தையும் கூலியையும் எழுதுகிறார்கள். எங்கள் அம்மாக்கள் கூடையோடு மலையேறிய பிறகு, பொழுது சாயும் வரை, லயம் என்னும் அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளின் குழந்தைகளை யார் வைத்திருந்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளைமடுவம் என்று நாம் சொல்லும் தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில் நீங்கள்தான் வைத்திருந்தீர்கள். இன்று பந்தலூர்ப் பக்கத்து லயங்களிலேயே சுகாதாரச் செவிலியராக வேலை பார்ப்பதால், நீங்கள் செய்தது என்ன என்பது எனக்கு ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாக விளங்கிக்கொண்டு வருகிறது.

கோத்தகிரியில் மகள் வீட்டுக்குப் போனபின் உங்களுக்கு எங்கள் பக்கத்து மழை மறந்திருக்காது என்றாலும், மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீலகிரி முழுவதும் ஒரே மழை என்று கீழ்நாட்டார் நினைக்கிறார்கள். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. வயநாட்டை ஒட்டிக் கிடக்கும் பந்தலூருக்கோ ஆனியில் தொடங்கினால் ஆவணி வரைக்கும் வானம் வெளுப்பதில்லை. அந்த மூன்று மாதமும் லயத்தில் துணி காயாது, விறகு எரியாது, வாசலில் கால் வைத்தால் அட்டை ஏறும். அப்படிப்பட்ட காலத்தில், ஒன்றரை மாதக் கைக்குழந்தை முதல் பள்ளிக்கூட வயதை எட்டாத பிள்ளைகள் வரை அத்தனை பேரையும் ஒரே அறையில் உலர்ந்த துணியோடு நீங்கள் வைத்திருந்தீர்கள்.

அந்த அறையை என்னால் இன்றும் அடி அடியாகச் சொல்ல முடியும். கதவைத் திறந்ததும் இடது பக்கம் அடுப்பு, அதற்கு மேலே குறுக்கே கட்டிய கயிறு, கயிறு முழுக்கக் குழந்தைத் துணி. எங்கள் எல்லோர் உடம்பிலும் சவுக்கு விறகின் புகை வாசம் இருந்ததற்கு அந்தக் கயிறுதான் காரணம். எதிர்ச்சுவரை ஒட்டி உத்தரத்தில் வரிசையாகக் கொக்கிகள்; ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு பழஞ்சேலைத் தொட்டில். துணியைக் கயிற்றிலிருந்து எடுத்தவுடன் குழந்தைக்குச் சுற்றமாட்டீர்கள். முதலில் உங்கள் கன்னத்தில் வைப்பீர்கள், பிறகு மடித்து உள்மடிப்பையும் கன்னத்தில் வைப்பீர்கள், உள்ளே ஈரம் தட்டினால் மறுபடியும் கயிற்றில் போடுவீர்கள். பச்சைக் குழந்தை குளிர்ந்துவிடக் கூடாது என்று தாய்மார்களுக்கு நான் இப்போது சொல்லிக்கொடுக்கும் பாடம் இவ்வளவுதான். எனக்கு அதைப் பயிற்சிப் பள்ளியில் புத்தகத்தை வைத்துக் கற்பித்தார்கள். உங்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை.

பத்து மணிக்குப் பால் கொடுக்க வரும் தாய்மார்களை நீங்கள் வாசலிலேயே நிறுத்திவிடுவது எங்களுக்கு அப்போது கொஞ்சம் கடுமையாகத் தெரிந்தது. மழைக்குத் தலையில் போட்ட நனைந்த கொங்காணியோடும் இடுப்பில் கட்டிய படங்குத் துணியோடும், பால் கட்டிய மார்போடு, ஏற்றத்தில் ஓடி வந்து மூச்சு வாங்க நிற்பார்கள். படங்கை அவிழ்த்து வெளியே போடச் சொல்வீர்கள். வாளியில் வெந்நீர் வைத்திருப்பீர்கள். கை கழுவி, மார்பையும் துடைத்த பிறகுதான் குழந்தையை மடியில் கொடுப்பீர்கள். மழைக்காலத்தில் கொப்புள நோய் வராமல் செடிக்கு அடிக்கும் தாமிர மருந்து நீலம் பாய்ந்த பச்சையாக அவர்கள் விரலிடுக்கில் ஒட்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கொழுந்தின் கறை போகாது, மருந்து போகும் என்று சொல்லிச் சொல்லிக் கழுவ வைத்தீர்கள். அவர்களுக்கோ அவசரம். இறங்கிப் போய்த்தான் அடுத்த நிறுவைக்குக் கூடையை நிரப்ப வேண்டும். இங்கே கழியும் ஒவ்வொரு நிமிடமும் எடையில் குறையும். என் அம்மா உங்களோடு சண்டை போட்டதும் உண்டு. ஆனாலும் கழுவாமல் ஒருநாளும் உள்ளே விட்டதில்லை.

சட்டம் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறது, ஆயாம்மா. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. பெண்கள் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் குழந்தைகள் 20 பேர் இருந்தால் வேண்டும் என்று பின்னர் திருத்தினார்கள். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தாய் வேலைக்கு நடுவே இரண்டு முறை போய்ப் பால் கொடுத்துவர இடைவேளை தர வேண்டும் என்றது. அறையும் கொக்கியும் இடைவேளையும் சட்டத்தால் கிடைத்தவை. வெந்நீர் வாளி எந்தச் சட்டத்திலும் இல்லை.

கொஞ்சம் வளர்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் நாங்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் மடுவத்துக்குத்தான் வந்தோம். வீட்டில் யார் இருந்தார்கள்? அம்மா வர ஆறு மணியாகும். நீங்கள் கோதுமை மாவில் தேங்காய்ப்பூவைப் பிசைந்து தடிமனாகத் தட்டிய ரொட்டியைத் துண்டு போட்டு வைத்திருப்பீர்கள். எங்களுக்குச் சம்பல், சின்னப் பிள்ளைகளுக்குச் சர்க்கரை. காரம் தாங்கும் வயது வந்துவிட்டது என்று நீங்கள் தீர்மானித்து முதன்முதலாக ஒரு பிள்ளைக்குச் சம்பல் வைக்கும் நாள், அந்தப் பிள்ளைக்குப் பெரிய நாள். காலில் அட்டை இருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்த்து, உப்பு முடிந்த துணியால் தொட்டு விழவைத்த பிறகே ரொட்டி கைக்கு வரும்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவராக இடுப்பில் தூக்கிப் பார்ப்பீர்கள். அது கொஞ்சல் என்றுதான் நினைத்திருந்தோம். ‘இவன் எளச்சுட்டான், வயித்துல பூச்சி இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ’ என்று அவன் அம்மாவிடம் நீங்கள் சொல்லும்போதுதான் அது வேறு என்று தெரியும். நான் இன்று தராசில் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இறங்குகிறதா என்று பார்க்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத நீங்கள் ஒரு லயத்துக் குழந்தைகளின் அட்டை முழுவதையும் இடுப்பில் வைத்திருந்தீர்கள்.

உறங்க மறுக்கும் மதிய வேளைகளில் நீங்கள் சொன்னதுதான் எங்களுக்கு வாய்த்த சரித்திரம். இலங்கையில் பதுளைப் பக்கத்து லயத்தில் பிறந்தீர்கள். 1948இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டத்தால் நம்மவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக நின்றார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள்; மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் சரிபாதியாகப் பிரித்தார்கள். இந்த எண்களையெல்லாம் நான் பிற்பாடு படித்தேன். நீங்கள் சொன்னது வேறு விதம். உங்கள் அக்காள் அங்கே இருக்க மனுப் போட்டார், உங்கள் மாமனார் இந்தியாவுக்கு மனுப் போட்டார், லயத்தின் ஒரே அறையில், ஒரே காம்பராவில், ஒரே பாயில் படுத்த அக்காளும் நீங்களும் இரண்டு கணக்கில் போய்விட்டீர்கள். வழியனுப்ப வந்தவர்கள் ரயில்பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்ததால் அதை ஒப்பாரிக் கோச்சி என்றே சொல்வீர்கள். தலைமன்னார் துறையில் சுங்கக்காரர் உங்கள் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியது, இராமானுஜம் கப்பலின் மேல்தட்டில் நின்று கரை மறையும் வரை பார்த்தது, இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் வரிசையில் நின்றது எல்லாம் உங்கள் வாயால் கேட்டவை. துறையில் உங்கள் அக்காளின் கொலுசு பெட்டியில் இருக்கிறதா என்று மட்டும் துழாவிப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லும் இடத்தில் எப்போதும் நிறுத்திவிடுவீர்கள். அதற்கு மேல் என்ன என்று கேட்க எங்களுக்கு வயது போதவில்லை.

தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1976இல் அது தேயிலைத் தோட்டக் கழகமாக, நாம் சொல்லும் டேன்டீயாக ஆனது. சேரம்பாடியிலும் நெல்லியாளத்திலும் கொளப்பள்ளியிலும் இன்று இடுப்புயரத்துக்குச் சமமாக வெட்டி நிற்கும் செடிகளில் எத்தனையோ, உங்களைப் போலக் கப்பலில் வந்தவர்கள் குழி தோண்டி நட்டவை. சுற்றுலா வருகிறவர்கள் அந்தச் சரிவில் நின்று படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், அழகான இடம்தான். நட்டவர் யாரென்று ஒரு பலகையாவது அங்கே இருந்திருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் எங்களை ‘அகதி’ என்று கூப்பிடுகிறார்கள் என்று நாங்கள் அழுதுகொண்டு வந்த நாளில் நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. ‘ஒளிஞ்சு வரலடி. கையில இந்தியா பாஸ்போர்ட்டு வச்சிக்கிட்டு டிக்கெட்டோட வந்தோம். போய்ச் சொல்லு’ என்றீர்கள். போய்ச் சொன்னோம். கேலி நின்றுவிடவில்லை, ஆனால் எங்களிடம் பதில் இருந்தது. இலங்கைப் போரில் படையிலிருந்து தப்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வந்த பிள்ளைகளும் அவமானப்பட வேண்டியவர்கள் அல்லர் என்பதைச் சில ஆண்டுகள் கழித்து நீங்களே எங்களுக்குச் சொன்னீர்கள் என்பதையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

இப்போது நான் போகும் லயங்களில் நம்மவர் வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். அந்தக் காம்பராக்களில் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. தாய்மார் கொழுந்தெடுக்கிறார்கள்; முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டே மழையில் நிற்பவர்களையும் பார்க்கிறேன். 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே, அங்கன்வாடியிலிருந்து தாயோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. ஜார்க்கண்டுத் தொழிலாளியின் மகள். செய்தி கேட்டு நீங்கள் எனக்குப் பேசினீர்கள். ‘தாயும் புள்ளையும் தனியாவா நடந்தாங்க?’ என்பதுதான் நீங்கள் கேட்ட முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான், மாலையில் எங்களை நீங்கள் லயத்துக்கு அழைத்துப் போன விதம் எனக்கு நினைவுக்கு வந்தது. பனி இறங்கும் முன்பே கிளப்பிவிடுவீர்கள். தனியாக ஒரு பிள்ளையையும் அனுப்பியதில்லை, அம்மா வந்து கூப்பிட்டாலும் இன்னும் இரண்டு அம்மா வரட்டும் என்று உட்கார வைப்பீர்கள். பெரிய பிள்ளைகள் இரண்டு ஓரமும், சின்னவர்கள் நடுவிலும், கைக்குழந்தைகள் தாய்மாரின் நெஞ்சோடும் போவோம். நீங்கள் கடைசியில், பழைய பால்மாவு டின்னைக் குச்சியால் தட்டிக்கொண்டே வருவீர்கள். செடிகளுக்கு நடுவே குனிந்து செருப்பை மாட்டினால்கூட அதட்டுவீர்கள். குனிந்த பிள்ளை சிறுத்தைக்கு ஆட்டுக்குட்டி மாதிரிதான் தெரியும் என்பீர்கள். வளைவு வந்தால் நின்று ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணுவீர்கள். யானை இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால் சத்தமே கூடாது. டின் உங்கள் முந்தானைக்குள் போய்விடும். எதற்குச் சத்தம், எதற்கு மௌனம் என்ற வேறுபாட்டை நாங்கள் நடக்கும்போதே கற்றுக்கொண்டோம். அந்த ஜார்க்கண்டுத் தாய்க்கு இதைச் சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்? அவள் இந்த மலைக்குப் புதியவள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நம்மிடம் இருந்ததை அவளிடம் கொண்டு சேர்க்கும் வழியை நாம் உண்டாக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய துயரமாக இருக்கிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேலையோடு வருகிறேன். தை பிறந்ததும் கோத்தகிரிக்கு வந்து உங்களோடு இரண்டு நாள் தங்குவேன். மழையில் துணி உலர்த்துவது, தொட்டில் முடிச்சு, காலில் ஏறும் அட்டையை எடுப்பது, பால் கொடுக்க வரும் தாயை நிறுத்திக் கழுவ வைப்பது, அந்தி நடை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். உங்கள் குரலிலேயே பதிந்துகொள்கிறேன். எங்கள் பக்கத்து லயத்தில் தமிழும் இந்தியும் பேசும் ஜார்க்கண்டுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் அதைத் தன் ஆட்களுக்குச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறாள். காப்பகங்களில் இப்போது வேலை பார்க்கும் பெண்களுக்கும் போட்டுக் காட்டுவேன். உங்கள் மூட்டுவலி மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பேத்தியைச் சொல்லச் சொல்லுங்கள், வாங்கி வருகிறேன். இந்தக் கடிதத்தில் உங்கள் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறேன். நீங்கள் சம்மதித்தால், பதிவில் முதல் வார்த்தையாக உங்கள் பெயரை நீங்களே சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மடுவத்துப் பிள்ளை