தங்கவயல் மண்ணை ஏலம் விடும் முன்

மத்திய சுரங்க அமைச்சகத்துக்கும் கர்நாடக அரசுக்கும்,

வணக்கம்.

கோலார் தங்கவயலில் கிடக்கும் 13 கழிவுமண் குன்றுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல் நிலம், ஏறத்தாழ 3.3 கோடி டன் மண். எவ்வளவு மண், அதில் எவ்வளவு தங்கம் என்ற கணக்கெல்லாம் உங்களிடம் சரியாக இருக்கிறது. அந்த மண்ணை வெட்டி மேலே கொண்டுவந்தவர்களைப் பற்றி அப்படியொரு கணக்கு இருக்கிறதா? அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஊர்க்காரர்கள் அந்தக் குன்றுகளைச் 'சயனைடு மலை' என்பார்கள். பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சக்கை அது. வெளியூர்க்காரர்கள் அங்கே சினிமாப் பாட்டு எடுக்க வருவார்கள். காற்றடிக்கும் மாதங்களில் அந்தப் பொடி தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீடுகளுக்குள் புகுந்து சோற்றுப் பானை வரை போகும்.

பொடி என்றதும் நுரையீரல் பேச்சு வந்துவிடுகிறது. தங்கம் இருப்பது படிகக்கல் பாறையில். அதைத் துளைக்கும்போது கிளம்பும் நுண்தூசி உள்ளே போனால் திரும்பி வராது. நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிவிடும். 1940களில் இங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது 40 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குச் சிலிகோசிஸ் என்ற இந்தத் தூசி நோய் இருந்தது. மருத்துவ மாணவர்கள் இன்றும் பாடத்தில் படிக்கிற ஆய்வு அது. இந்த நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தூசியை விட்டு வெளியேறிய பிறகும் வளரும், வேலை போய்ப் பல ஆண்டு கழித்தும் முதல் மூச்சிரைப்பைக் காட்டும். காசநோயையும் சுலபமாகச் சேர்த்துக்கொள்ளும். சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28 அன்று. அன்று இருபத்தைந்து வயதில், சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜில் ஏறி இறங்கியவருக்கு இன்று வயது ஏறத்தாழ ஐம்பது. அவருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது யார் பொறுப்பு? கம்பெனி மூடியதோடு அந்தப் பொறுப்பும் மூடிவிட்டதா?

நட்டம் என்று சொல்லித்தான் மூடினீர்கள். தாது தரம் குறைந்தது, ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது, செலவு ஏறியது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் 1962ல் மத்திய அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்ட பிறகு பல காலம், இங்கே எடுத்த தங்கம் வெளிச்சந்தை விலைக்குப் போகவில்லை. அதைவிட மிகக் குறைவான சர்வதேச அதிகாரபூர்வ விலைக்கு அரசே எடுத்துக்கொண்டது. அந்த வித்தியாசமும் சேர்ந்துதான் நட்டக் கணக்கில் ஏறியது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த ஊருக்கு 'நட்டம்' என்று பெயர் வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

1902ல் காவிரிக்கரைச் சிவசமுத்திரத்து நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தபோது அது முதலில் போனது யந்திரங்களுக்கும் துரைமார் பங்களாக்களுக்கும். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து ஆழத்தில் இறங்கிய தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கிடைத்தது தட்டிக் குடிசை. துரைமார் போய் நம் அரசாங்கம் வந்தது. அப்புறமும் என்ன? மனிதர் கையால் மலம் அள்ளும் எடுப்புக் கக்கூஸ்கள் 2011 வாக்கில்கூட அங்கே இருந்தன.

இவர்கள் வாய் மூடிக் கிடந்தவர்களும் இல்லை. திருடர்களைப் போலக் கைரேகை வைத்துப் பதிவு செய்யச் சொன்னதற்கு எதிராக 1930லேயே வேலைநிறுத்தம் செய்தவர்கள். அம்பேத்கர் வழிவந்த குடியரசுக் கட்சி, கம்யூனிஸ்டு, அ.தி.மு.க. என்று கர்நாடகச் சட்டமன்றத்துக்கு வேறெந்த ஊரும் அனுப்பாத வரிசையில் ஆட்களை அனுப்பினார்கள். இருந்தும் பெங்களூருக்கு அவர்கள் தமிழர்கள், சென்னைக்கு அவர்கள் கர்நாடகத்துக்காரர்கள். இரண்டு பக்கமும் பந்தை அடுத்த பக்கம் தள்ளிவிடலாம். தேர்தல் வந்தால் மட்டும் எல்லாக் கொடியும் ஒரே வாக்குறுதியோடு தங்கவயலின் மாரிகுப்பம் வரை வரும்: "மைன் திரும்பத் திறக்கும்." நீர் நிரம்பிக் கிடக்கும் ஷாஃப்டுகளை, அந்தச் சுரங்கக் குழிகளைக் காட்டி ஓட்டு வாங்குவது போதும். விடியுமுன் ரயிலேறி பெங்களூரு போய், இருட்டியபின் வீடு திரும்பும் இளைஞர்கள் அந்தப் பேச்சை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டார்கள்.

குன்றுகளிலிருந்து தங்கம் எடுப்பது யந்திர வேலை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை தராது. அதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பொய் நம்பிக்கை வேண்டாம். கிடைக்கிற கொஞ்ச வேலை பழைய தொழிலாளர் குடும்பங்களுக்குப் போகட்டும், அதுவும் ஒப்பந்தக்காரர் வழியாக அல்லாமல் நேராக. 2015 சுரங்கச் சட்டத் திருத்தப்படி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக உருவான மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு ராயல்டியோடு ஒரு பங்கு வந்தாக வேண்டும். அந்தப் பணம் மாவட்டத் தலைநகரின் சாலைக்கும் கட்டடத்துக்கும் போகும் முன், முன்னாள் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் நுரையீரல் சோதனை, நோய் உறுதியானால் மாத உதவித்தொகை, இறந்தவர்களின் மனைவிகளுக்கும் அதே உதவி என்று எழுதி வையுங்கள். குடியிருக்கும் வீட்டுக்குப் பத்திரம் கேட்டு நடையாய் நடப்பவர்களின் கோப்பை, முதல் லாரி மண் அள்ளும் முன் முடியுங்கள். கலைந்த மண் மறுபடி காற்றில் பறக்காமல் எப்படி நனைப்பீர்கள், இரண்டாம் முறை சயனைடு பார்த்த சக்கையை எங்கே கொட்டுவீர்கள் என்பதை ஒப்பந்த நிபந்தனையில் சேர்த்து, கன்னடத்திலும் தமிழிலும் அச்சடித்து, தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் கூட்டம் போட்டு வாசித்துக் காட்டுங்கள். அங்கே வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு ஏலத் தேதியை அறிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கவயல் மக்களின் நலம் விரும்பும் ஒருவன்