எந்த ஆண்டு என்று சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆட்சியாளர்களுக்கு,

வணக்கம். இந்த மடலை எழுதுவோரில் எழுபதைக் கடந்தவர்களும் உண்டு, இன்னும் வாக்குரிமை பெறாதவர்களும் உண்டு. மற்ற பல விஷயங்களில் எங்களுக்குள் ஒத்துப்போவது அரிது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகிய புதைபடிவ எரிபொருள்களை எந்த ஆண்டில் கைவிடப் போகிறீர்கள் என்ற கேள்வியை மட்டும் ஒரே குரலில் கேட்கிறோம்.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலேம் நகரில் கூடிய ஐ.நா.வின் முப்பதாவது காலநிலை மாநாட்டின் முதன்மைத் தீர்மானத்தில் ‘புதைபடிவ எரிபொருள்’ என்ற சொல்லே காணாமல் போனதுதான் எங்களை எழுத வைத்தது. அவற்றிலிருந்து விடுபடுவதற்கு ஒரு வழித்திட்டம் வேண்டும் என்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கேட்டும் அது தீர்மானத்தில் ஏறவில்லை. அவற்றிலிருந்து விலகிச் செல்வது என்ற ஒற்றைச் சொற்றொடரை எழுதுவதற்கே 2023-இல் துபாயில் நடந்த இருபத்தெட்டாவது மாநாடு வரை ஆயிற்று. எழுதிய இரண்டே ஆண்டுகளில் அதைச் சொல்லவும் உங்களுக்குக் கூச்சம் வந்துவிட்டது.

வெப்பத்தைப் பற்றி உங்களிடம் புள்ளிவிவரங்கள் குவிந்திருக்கும். முதிய உடலுக்குள் அது என்ன செய்கிறது என்பதை மட்டும் நாங்கள் சொல்கிறோம். வயது ஏற ஏற வியர்ப்பது குறைகிறது, தாகம் எடுப்பதே தெரிவதில்லை, உடலின் சூட்டைத் தணிக்க இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி அனுப்பியே இதயம் களைத்துப்போகிறது. பகல் வெயிலுக்கு நிழலில் ஒதுங்கலாம்; பொழுது சாய்ந்தும் சூடு இறங்காத இரவுக்கு எங்கே ஒதுங்குவது? எழுந்து உட்கார்ந்து, சுவரைத் தொட்டு, அது இன்னும் சுடுகிறது என்று அறிந்து, மறுபடி படுத்து விடியலுக்குக் காத்திருக்கும் அந்த ஐந்தாறு மணி நேரத்தில்தான் இதயத்துக்குக் கிடைக்க வேண்டிய ஓய்வு பறிபோகிறது. அடுத்த அறையில் அழும் கைக்குழந்தைக்கோ தன் வேதனை இன்னதென்று சொல்லவும் தெரியாது. 2003 கோடையில் ஐரோப்பாவில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் வெப்பத்தால் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். இத்தகைய சாவுகள் பலவற்றின் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் இருக்கும்.

நீதிமன்றத்துக்கும் போய்ப் பார்த்தாயிற்று. 2024 ஏப்ரல் 9 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், காலநிலை மாற்றத்துக்கு எதிராக அரசு போதிய நடவடிக்கை எடுக்காதது தங்கள் உரிமையை மீறியது என்று வழக்காடிய சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே நாளில், போர்ச்சுகலைச் சேர்ந்த ஆறு இளையோரின் மனுவை, முதலில் தங்கள் நாட்டு நீதிமன்றங்களை அணுகியிருக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. இரண்டு மாதம் கழித்து, தீர்ப்புக்காகப் புதிதாக எதுவும் செய்யத் தேவையில்லை என்று சுவிஸ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அறிவித்தன. வென்ற பாட்டிகளுக்கும் பலனில்லை, திருப்பி அனுப்பப்பட்ட பேரப்பிள்ளைகளுக்கும் பலனில்லை என்ற வகையில் தலைமுறைகளுக்கிடையே சமத்துவம் நிலைநாட்டப்பட்டுவிட்டது, பாராட்டத்தான் வேண்டும்.

பணமில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்குப்படி, 2022-இல் இந்த எரிபொருள்களுக்கு அரசுகள் நேரடியாக அளித்த மானியம் மட்டும் ஏறத்தாழ 1.3 லட்சம் கோடி டாலர். முதியோர் இல்லத்துக்கு ஒரு மின்விசிறி கேட்டால் கோப்பு மேசை மேசையாக நகர்கிறது. எண்ணெய்க் கிணற்றுக்கு அந்தத் தாமதம் நேர்ந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அத்தகைய மானியமும் அகழ்வு உரிமமும் பன்னாட்டுச் சட்டப்படி தவறான செயலாகக் கருதப்படலாம் என்று பன்னாட்டு நீதிமன்றமே 2025 ஜூலையில் கருத்துரைத்துவிட்டது. பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019-இல் தொடங்கிய முயற்சியின் விளைவு அது.

கோபத்தில் மரியாதை குறைந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். நாங்கள் கேட்பது புதிதல்ல. 2050-க்குள் நிகர உமிழ்வை, அதாவது வெளியிடும் கரிம வாயுவில் திரும்ப உறிஞ்சப்படுவது போக எஞ்சுவதை, சுழியாக்கும் பாதையில் புதிய நிலக்கரிச் சுரங்கமோ, ஏற்கெனவே அனுமதித்தவற்றுக்கு மேல் புதிய எண்ணெய், எரிவாயு வயலோ தேவையில்லை என்று, உங்களில் பலரின் அரசுகள் அங்கம் வகிக்கும் பன்னாட்டு எரிசக்தி முகமை 2021-லேயே எழுதியிருக்கிறது. ஆகவே புதிய உரிமங்களை நிறுத்துங்கள். சுரங்கத்திலும் கிணற்றிலும் உழைப்போருக்கு மாற்று வேலையை முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். அடுத்த மாநாட்டுக்கு வரும்போது, உங்கள் நாடு இவற்றை எரிப்பதை நிறுத்தும் ஆண்டை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். அந்த ஆண்டில் எங்களில் பாதிப்பேர் இருக்க மாட்டோம், மீதிப்பேர் சரிபார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
முதியோரும் இளையோரும்